பூனையின் முகத்தைப் பார்த்து இனம் கண்டுபிடிப்பது எப்படி? மூக்கிலிருந்து தொடங்குங்கள்

கடலூர் முதுநகரில், துறைமுகம் போகிற வழியில் எங்கள் தெரு. மீன்கூடை வந்து போகிற தெரு என்பதால் வீட்டுக்கு ஒரு பூனையாவது இருக்கும். போன மாசியில் எதிர்வீட்டு அக்கா புதுச்சேரியில் ஒரு கடையிலிருந்து வெள்ளைக் குட்டி ஒன்று வாங்கி வந்தார். குட்டை மூக்கும் புசுபுசு முடியும் உள்ள பெர்சியன் இனம் என்று சொல்லிக் கொடுத்தார்களாம். மூன்று மாதத்தில் புசுபுசு முடி அப்படியே இருக்க, மூக்கு மட்டும் நீண்டுவிட்டது. "தம்பி, இது பெர்சியனா இல்லையா? மறைக்காம சொல்லுப்பா" என்று திண்ணையில் வந்து உட்கார்ந்தார். அன்றைக்கு அவருக்குக் காட்டிக் கொடுத்ததைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். உலகத்தில் உள்ள பூனைகளில் பெரும்பாலானவை எந்த இனத்திலும் சேராதவை. இனம் என்பது மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்து இணைசேர்த்து, வம்சாவளியை எழுதிவைத்து உருவாக்கியது. நம் நாட்டுப்பூனை அப்படி யாரும் செதுக்காமல் தானாக வந்தது. அதில் குறை ஒன்றும் இல்லை.

1. வயதைக் கேளுங்கள்

மூன்று மாதத்துக்குள் இருக்கும் குட்டியை வைத்து முடிவு சொல்லாதீர்கள். குட்டியில் எல்லாப் பூனைக்கும் மூக்கு குட்டை, கண் நீலம். ஆறேழு வாரத்துக்கு மேல்தான் கண்ணின் சொந்த நிறம் மெல்ல வரும். ஒரு வயது தாண்டிய பூனையின் முகம்தான் நம்பத் தகுந்தது. கருத்தடை செய்யாத கடுவனுக்குக் கன்னம் இரண்டும் உப்பி முகம் பந்துபோல ஆகும். அதைப் பார்த்து 'பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர்' என்ற உருண்டை முக இனம் என்று ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

2. இரண்டு போட்டோ எடுங்கள்

நேர்முகம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. போனைப் பூனையின் கண்மட்டத்துக்குத் தாழ்த்துங்கள். முகத்துக்கு மிக அருகே கொண்டுபோனால் மூக்கு பெரிதாகத் தெரியும். இரண்டடி தள்ளி உட்கார்ந்து ஜூம் செய்யுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். காலை வெயில் திண்ணையில் விழும் நேரம் போதும்.

3. மூக்கு

இங்கேதான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். நிறம் ஏமாற்றும், முடியும் ஏமாற்றும், மண்டையோட்டின் வடிவம் அவ்வளவு எளிதில் ஏமாற்றாது.

நேர்முகப் படத்தில் இரண்டு கீழ் இமைகளையும் தொடும்படி சுண்டுவிரலைக் குறுக்கே வையுங்கள். மூக்கு முழுவதும் விரலுக்கு நன்றாகக் கீழே இருந்தால் நாட்டுப்பூனையாகவோ, கடைக்காரர்கள் 'டால் ஃபேஸ்' என்று சொல்லும் பெர்சியனாகவோ இருக்கலாம். விரலை ஒட்டி இருந்தால் 'செமி பஞ்ச்'. இரண்டு கண்ணுக்கும் நடுவிலேயே ஏறி உட்கார்ந்திருந்தால் 'பஞ்ச் ஃபேஸ்'. இவை வியாபாரப் பெயர்கள்தான், தனித்தனி இனங்கள் இல்லை.

அடுத்து பக்கவாட்டுப் படம். நாட்டுப்பூனைக்கு நெற்றியிலிருந்து மூக்கு லேசாகச் சரிந்து இறங்கும். பெர்சியனுக்குக் கண்ணருகே பள்ளம் விழுந்து வெட்டினாற்போல் நிற்கும். தாய்லாந்து வழி வந்த சயாமீஸ் இனத்தின் இன்றைய பூனைகளுக்கு அந்தப் பள்ளமே இருக்காது. நெற்றி முதல் மூக்கு நுனி வரை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராக வரும்.

அக்காவின் குட்டிக்கு மூக்கு விரலுக்கு வெகு கீழே, சரிவும் நாட்டுச் சரிவு. எனக்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது.

4. காது

பெர்சியனுக்குக் காது சின்னது, நுனி மழுங்கியது, இரண்டும் தள்ளித் தள்ளி இருக்கும். சயாமீஸுக்கு முகத்தைவிடப் பெரிதோ என்று தோன்றும் அகலக் காது. மேய்ன் கூன் என்ற பெரிய உடல் அமெரிக்க இனத்துக்குக் காது நுனியில் முடிக்குச்சம் நிற்கும். ஆனால் நாட்டுப்பூனைக்கும் சிலசமயம் சின்னக் குச்சம் உண்டு. குச்சத்தோடு சதுரமான அகன்ற வாயும் சேர்ந்தால்தான் மேய்ன் கூனைப் பற்றி யோசிக்க வேண்டும்.

காது முன்பக்கம் மடிந்திருந்தால் ஸ்காட்டிஷ் ஃபோல்டு. 1961இல் ஸ்காட்லாந்துப் பண்ணை ஒன்றில் கண்டெடுத்த சூசி என்ற வெள்ளைப் பூனையிலிருந்து வந்த இனம். காதை மடக்கும் அதே மரபணு உடம்பின் மற்றக் குருத்தெலும்பையும் கெடுத்து மூட்டுவலி தரும். அழகுக்காக இதைத் தேடி வாங்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

5. கண்

வட்டக் கண் பெர்சியன் பக்கம் காட்டும். சாய்ந்த வாதுமைக் கண் சயாமீஸ் பக்கம். சாம்பல் பூனைகளைப் பிரிக்கக் கண் நிறம் கைகொடுக்கும்: ரஷ்யன் புளூவுக்குப் பச்சை, பிரிட்டிஷ் ஷார்ட்ஹேருக்கு வழக்கமாகச் செம்பு நிறம். முழு வெள்ளைப் பூனைக்கு நீலக் கண் இருந்தால் இனத்தைவிட முதலில் காதைச் சோதியுங்கள். பின்னால் நின்று கைதட்டுங்கள். அப்படிப்பட்ட பூனைகளில் பலவற்றுக்குக் காது கேட்காது.

6. நிறம் கடைசியில்

நெற்றியில் ஆங்கில 'எம்' எழுத்துப்போல வரி இருந்தால் பலர் உடனே ஏதோ வெளிநாட்டு இனம் என்கிறார்கள். அது வரிப்பூனை எல்லாவற்றுக்கும் பொதுவான கோலம். மூன்று கலரும் அப்படித்தான். அது கிட்டத்தட்ட எப்போதும் பெண்பூனை என்று சொல்லுமே தவிர, இனத்தைச் சொல்லாது. சயாமீஸ் முகத்தின் கருமைக்குக் காரணம் உடல்சூடு. சூடு குறைந்த மூக்கு, காது, வால், பாதங்களில் மட்டும் நிறம் ஏறும், குட்டி பிறக்கும்போது வெளுப்பாகவே இருக்கும். 'பம்பாய்' என்றொரு கறுப்பு இனமும் உண்டு. பெயர்தான் நம் ஊர், உருவாக்கியது அமெரிக்காவில். தெருவில் திரியும் கறுப்புப் பூனைக்கு அந்தப் பெயரை ஒட்டாதீர்கள்.

7. முடிவு சொல்வது

மூக்கு, காது, கண் மூன்றும் ஒரே இனத்தைக் காட்டினால் 'அந்த இனத்தின் சாயல்' என்று சொல்லலாம். உறுதியாகச் சொல்ல வம்சாவளிச் சான்று வேண்டும். மூன்றும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் கலப்பு. அக்காவிடமும் அதைத்தான் சொன்னேன்: "முடி மட்டும்தான் பெர்சியன் வழி வந்திருக்கும் போலக்கா. முகம் முழுக்க நம்ம ஊரு." கொடுத்த பணத்தை நினைத்து முகம் வாடினார். பிறகு குட்டி மடியில் ஏறியதும் அதன் தாடையைச் சொறிய ஆரம்பித்துவிட்டார்.

உங்கள் பூனை உண்மையிலேயே பஞ்ச் ஃபேஸாக இருந்தால் வேலை இனிமேல்தான் இருக்கிறது. கண்ணீர் வழிந்து மூக்கோரம் பழுப்புக் கறை படியும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் தினமும் துடைக்க வேண்டும். கிண்ணத்துக்குள் முகம் நுழையாது, தட்டையான தட்டில் வையுங்கள். கத்தரி வெயிலில் மதியம் மின்விசிறிக்கடியில் நிழலான தரையில் விடுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். புதுச்சேரிப் பக்கம் இருப்பவர்களுக்குக் குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது.

அக்காவின் குட்டிக்கு இது எதுவும் தேவைப்படவில்லை. வேகவைத்து முள் எடுத்த கவளை மீனை எந்தப் பாத்திரத்தில் வைத்தாலும் வழித்துத் தின்கிறது.