பர்ஸ் காலியாவது நுழைவுச்சீட்டில் இல்லை: சென்னையில் பிள்ளைகளோடு வெளியே கிளம்பும் முன்

காலாண்டு விடுமுறையில் ஒரு செவ்வாய்க்கிழமை, தொப்பி, தண்ணீர் பாட்டில், பெரியவள் கழுத்தில் பொம்மை பைனாகுலர் சகிதமாக வண்டலூர் உயிரியல் பூங்கா வாசலில் போய் நின்றோம். கேட் பூட்டியிருந்தது. செவ்வாய்தான் அங்கே வார விடுமுறை, இத்தனை வருஷமாக இந்த ஊரில் இருந்துகொண்டு அதைப் பார்க்காமல் போனது முழுக்க என் தப்பு. சின்னவன் அழ ஆரம்பித்ததும் சமாதானத்துக்கு ஒரு மாலுக்குள் நுழைந்தோம், கேம் கார்டு, பீட்சா, திரும்ப ஆட்டோ. ராத்திரி கணக்குப் பார்த்தால் அந்தப் பணத்தில் நாலு பேரும் சிங்கத்தை இரண்டு தடவை பார்த்திருக்கலாம்.

இதுதான் முதல் தவறு, பெரும்பாலானவர்கள் செய்வதும் இதுதான். கிண்டி சிறுவர் பூங்காவுக்கும் செவ்வாய் விடுமுறை. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி. வேடந்தாங்கலுக்கு முழுப் பரீட்சை லீவில், மே மாதம் வண்டி எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பறவைகள் நவம்பரில் வந்து சேர ஆரம்பித்து மார்ச் வாக்கில் கிளம்பிவிடும், மே மாதத்தில் அனேகமாக வெறும் மரங்களைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும். குளிர்காலத்தில் அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் பள்ளிக்கரணை சதுப்பு நிலம் பக்கம் காலையில் ஒரு நடை போய்ப் பாருங்கள், வீட்டுக்குப் பக்கத்திலேயே கொக்கும் நாரையும் நிற்கும்.

அடுத்தது நேரம். கடற்கரை என்றாலே சாயங்காலம் என்று நமக்குப் பழகிவிட்டது, அதிலும் கூட்டத்துக்கு முன்னால் போய்விடலாம் என்று மூணு மணிக்கே மெரினாவில் இறங்கும் புத்திசாலிகள் உண்டு (நானும் அதில் ஒருத்தி). ரோட்டிலிருந்து தண்ணீர் வரைக்கும் மணல் மட்டும் சராசரியாக 300 மீட்டர் அகலம், சூடான மணலில் பாதி தூரம் போனதும் பிள்ளை தூக்கச் சொல்லும், நீங்களும் தூக்குவீர்கள். நம்முடையது கிழக்குக் கடற்கரை, சூரியன் கடலிலிருந்து மேலே வருவதைக் காலையில்தான் பார்க்க முடியும், அஸ்தமனம் முதுகுக்குப் பின்னால் கட்டடங்களுக்கு மேல்தான். விடியற்காலையில் பெசன்ட் நகர் போய்ப் பாருங்கள். மணல் குளிர்ந்து கிடக்கும், பஜ்ஜிக் கடை திறந்திருக்காது, அதனாலேயே செலவும் கிடையாது. அங்கே நிற்கும் வெள்ளை வளைவு, 1930-இல் கடலில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய் உயிரை விட்ட கார்ல் ஷ்மிட் என்ற டென்மார்க்காரரின் நினைவாகக் கட்டியது. அந்தக் கதையைச் சொன்னாலே ‘ஏன் இன்னும் உள்ளே போகக் கூடாது’ என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். கணுக்காலுக்கு மேல் தண்ணீர் வேண்டாம், உங்களுக்கு நீச்சல் தெரிந்திருந்தாலும் வேண்டாம்.

போக்குவரத்து. ஞாயிறு சாயங்காலம் ஏழு மணிக்குக் கடற்கரை ஓரத்தில் நின்று ஆப்பில் ஆட்டோ தேடினால் என்ன கட்டணம் காட்டும் என்று உங்களுக்கே தெரியும். பறக்கும் ரயிலில் திருவல்லிக்கேணியிலோ சேப்பாக்கத்திலோ இறங்கினால் மெரினா நடக்கும் தூரம்தான். மாநகரப் பேருந்தில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு டிக்கெட் இல்லை, சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு 2021-இலிருந்து இலவசம். இதில் ஒரு சின்னச் சிக்கல்: அம்மாவுக்கு இலவசம் என்பதால் பத்து வயதுப் பையனுக்கும் இலவசம் ஆகிவிடாது, அவனுக்கு அரை டிக்கெட் வாங்கியாக வேண்டும். அவசரத்தில் டீலக்ஸில் ஏறிவிட்டால் உங்களுக்கும் காசுதான்.

ஒரே நாளில் மூன்று இடம் என்று திட்டம் போடுவது அடுத்த தவறு, இது பணத்தைவிடப் பொறுமையைத்தான் அதிகம் தின்னும். செம்மொழிப் பூங்கா, அங்கிருந்து அருங்காட்சியகம், சாயங்காலம் பீச் என்று ஒருநாள் கிளம்பினோம். செம்மொழிப் பூங்காவில் சின்னவன் ஒரு செடிக்கு அடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். ஒரு எறும்பு தன்னைவிடப் பெரிய சிறகு ஒன்றை இழுத்துக்கொண்டு போனது, அது கல் மேல் ஏறும், சிறகு காற்றில் திரும்பும், எறும்பு கீழே விழும், மறுபடி ஏறும். நாற்பது நிமிஷம். நான் ‘வா வா, நேரமாச்சு’ என்று இழுத்துக்கொண்டே இருந்தேன், இப்போது நினைத்தால் எதற்கு இழுத்தேன் என்று தெரியவில்லை. எறும்பு மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவிலும் இருக்கிறது, உங்கள் தெரு முனையில் உள்ள மாநகராட்சிப் பூங்காவிலும் இருக்கிறது. என்ன, மாநகராட்சிப் பூங்காக்களைப் பல இடங்களில் மத்தியானம் பூட்டிவிடுவார்கள், அதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு விஷயத்தில் நாம் செய்வது, வெறும் வயிற்றோடு கிளம்பி ‘அங்கே ஏதாவது வாங்கிக்கலாம்’ என்பது. புளிசாதமோ சப்பாத்தி ரோலோ கட்டிக்கொள்ளுங்கள், தயிர்சாதம் என்றால் டப்பா மூடியை இரண்டு தடவை பாருங்கள், என் பை இன்னும் வாடை அடிக்கிறது. அதற்காக எதையும் வாங்கித் தர மாட்டேன் என்று வீறாப்பாக நின்றாலும் நடக்காது. பலூன், சோப்புக் குமிழி, குதிரை, பஞ்சு மிட்டாய் எல்லாம் வரிசையாக எதிரில் வரும். நாங்கள் இப்போது ஆளுக்கு 50 ரூபாய் கையில் கொடுத்துவிடுகிறோம், அவ்வளவுதான், மேலே கிடையாது. போன தடவை பெரியவள் அந்த நோட்டை மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பலூன்காரரைத் தாண்டி, குதிரையைத் தாண்டி, கடைசியில் ஒரு பொட்டலம் சுண்டல் மட்டும் வாங்கினாள். மிச்சக் காசைத் தம்பிக்குத் தெரியாமல் ஷூவுக்குள் வைத்துக்கொண்டாள்!

காணும் பொங்கல் அன்று மெரினாவுக்கோ வண்டலூருக்கோ கைக்குழந்தையோடு போகாதீர்கள், சொல்லிவிட்டேன். அன்று மெரினாவில் போலீஸ்காரர்களே பிள்ளைகள் கையில் பெற்றோர் நம்பர் எழுதிய பட்டையைக் கட்டிவிடுவார்கள், கூட்டம் அப்படி. அந்த யோசனையைச் சாதாரண ஞாயிற்றுக்கிழமைக்கும் எடுத்துக்கொள்ளலாம், ஒரு பால்பாயிண்ட் பேனா போதும்.

அப்புறம், திரும்பும் நேரம். பிள்ளைகள் இன்னும் குதித்துக்கொண்டிருக்கும்போதே கிளம்பிவிடுங்கள், அவர்கள் சோர்ந்த பிறகு கிளம்பினால் பஸ் ஸ்டாப்பில் காத்திருக்க முடியாது, கை தானாக ஆட்டோவை நிறுத்திவிடும். ஐந்தரைக்கு ஏறினால் உட்கார இடமாவது கிடைக்கும். சின்னவன் எப்படியும் இரண்டாவது ஸ்டாப்பில் தூங்கிவிடுவான், அவன் கால்சட்டை மடிப்பிலிருந்து மணல் என் மடியில் கொட்டிக்கொண்டே வரும்.