ராசிக்கு வருத்தம் பார்க்கும்போது விடுகிற பிழைகள்

எங்கள் சின்னம்மா வெள்ளவத்தையில் இருக்கிறார், மீன ராசி, ரேவதி நட்சத்திரம். வலது கால் பெருவிரலுக்குக் கீழே வந்த ஒரு சின்னப் புண் மூன்று கிழமையாகியும் ஆறவில்லை. "மீனத்துக்குப் பாதம்தானே, சனி என்ர ராசியிலேயே நிக்கிற ஜென்மச் சனி வேற நடக்குது" என்று சொல்லிச் சனிக்கிழமை தவறாமல் கோயிலில் எள்ளெண்ணெய் எரித்தார். ஒருநாள் அவர் வாசலில் கழற்றி விட்ட செருப்பைத் தற்செயலாகப் பார்த்தேன், உள்ளே சீழ் காய்ந்து ஒட்டியிருந்தது. "நோகேல்லையா சின்னம்மா?" இல்லையாம். அந்த நோகாததுதான் ஆபத்து. நெடுநாள் சீனி வருத்தம் இருந்தால் கால் நரம்பு மரத்து, இரத்த ஓட்டமும் குறைந்து, காயம் பட்டதே தெரியாமல் உள்ளே அழுகும். கடைசியில் ஒரு விரலை எடுக்க வேண்டி வந்தது.

பன்னிரண்டு ராசியையும் ஒரே உடம்பாகப் பார்க்கிற காலபுருஷனுக்கு மேஷம் தலை, மகரம் முழங்கால், மீனம் பாதம் என்று பழைய நூல்கள் பிரித்திருப்பது உண்மை. அதையே வருத்தத்துக்குக் காரணமாக எடுப்பதுதான் முதல் பிழை. இலங்கைச் சனத்தைப் பன்னிரண்டாகப் பிரித்தால் ஒரு ராசிக்குச் சுமார் 18 லட்சம் பேர் வருவார்கள், அத்தனை பேருக்குமா காலில் புண்? சனியையும் பாருங்கள், பஞ்சாங்கக் கணிப்பில் இரண்டு முறை உண்டு: திருக்கணிதப்படி 2025 மார்ச் 29 இல் மீனத்துக்கு வந்துவிட்டது, அன்றைக்கு வாக்கியப் பஞ்சாங்கத்தில் இன்னும் கும்பத்தில்தான் நின்றது. இதில் எந்தச் சனி புண்ணுக்குக் காரணம்?

ஆங்கிலப் பேப்பரில் வரும் ராசிபலனை நம் ராசிக்குப் பொருத்தி உடம்பைப் பார்ப்பதும் பிழை. அது சூரியனை வைத்துச் சொல்வது, நாம் சந்திரனை வைத்துச் சொல்கிறோம், போதாததற்கு ராசி எங்கே தொடங்குகிறது என்பதிலேயே அவர்கள் கணக்குக்கும் நம் கணக்குக்கும் இடையில் சுமார் 24 பாகை வித்தியாசம்.

இதன் மறுபக்கமும் இருக்கிறது. குரு பார்வை நல்லா இருக்கு என்று பிரஷர் குளிசையை விட்டுவிடுகிறவர்கள் கொழும்பில் எத்தனையோ பேர், தயவுசெய்து டொக்டரைக் கேட்காமல் ஒரு குளிசையும் நிறுத்தாதீர்கள். அவசரமில்லாத ஒப்பரேஷனா, டொக்டர் சம்மதித்தால் நாள் பாருங்கள், சரி. ஆனால் நெஞ்சு நோவு, வாய் கோணல், ஒரு பக்கக் கை சோர்வது என்றால் ராகுகாலம் முடியட்டும் என்று நிற்கவே கூடாது, உடனே 1990 க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசில்லை.

சின்னம்மா இன்னும் எள்ளெண்ணெய் எரிக்கிறார், நான் தடுக்கவில்லை. ஆனால் இப்போது ஒவ்வொரு இரவும் படுக்கமுன் ஒரு சின்னக் கண்ணாடியை நிலத்தில் வைத்து, இரண்டு உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்த்துவிட்டுத்தான் லைட்டை நூர்ப்பார்.