யூத ஸ்கூல் தேடறீங்களா? ஃபார்ம் வாங்கறதுக்கு முன்னாடியே நடக்கற தப்புங்க

எங்க வீட்டுக்காரர் யூதர், நான் திருச்சிக்காரி, குடியிருக்கறது வடமேற்கு லண்டன்ல. மூத்தவளை ஸ்கூல்ல சேர்க்கற சமயத்துல நாங்க பண்ண முதல் தப்பே, யூத ஸ்கூல்னா எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்னு நினைச்சதுதான். நம்ம ஊர்ல கான்வென்ட்டுன்னு சொன்னதும் எல்லாருக்கும் மனசுல ஒரு படம் வரும்ல, அந்த மாதிரி நினைச்சுட்டோம். அவருக்காவது தெரிஞ்சிருக்கணும், ஆனா அவர் படிச்சது சாதாரண கவுன்சில் ஸ்கூல், வீட்டுல வருஷத்துக்கு ரெண்டு பண்டிகை, அவ்வளவுதான்.

நிஜத்துல ஒரே நகரத்துக்குள்ள எவ்வளவு தூரம்னு பாருங்க. நம்ம ஆளுங்க நிறைய பேர் இருக்கற கென்டன்ல இருக்கற ஜே.எஃப்.எஸ்., அதாவது ஜூயிஷ் ஃப்ரீ ஸ்கூல், 1732-ல ஆரம்பிச்சது, ஆர்த்தடாக்ஸ், அதாவது பழைய மதச் சட்டத்தை அப்படியே பின்பற்றற மரபுல நடக்குது, ஆனா பசங்க வர்ற வீடுங்க பாதிக்கு மேல அவ்வளவு ஆசாரம் பார்க்காதவங்கன்னு அங்க இருக்கற யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. ஹாஸ்மோனியன்ல பையன் பொண்ணு தனித்தனி, கட்டுப்பாடும் கூட. நியூ பார்னெட்ல 2010-ல திறந்த ஜேகாஸ்ல ஆர்த்தடாக்ஸ், காலத்துக்கேத்த மாதிரி மாத்திக்கிட்ட ரிஃபார்ம், லிபரல் பிரிவுக்காரங்க, எதுவுமே இல்லாதவங்க எல்லாரும் ஒண்ணா படிக்கறாங்க. ஃபின்ச்லில இருக்கற அகிவா ரிஃபார்ம், லிபரல் பக்கத்து ப்ரைமரி. ஸ்டாம்ஃபோர்ட் ஹில் பக்கம் போனா வீட்டுலயும் வகுப்புலயும் யிட்டிஷ் பேசற, ரொம்பக் கடும் ஆசாரமான ஹரேதி ஸ்கூலுங்க, அது வேற உலகம். எல்லாத்துக்கும் பேர் யூத ஸ்கூல்தான். ஆக "நல்ல ஸ்கூலா"ன்னு கேக்கறதுக்கு முன்னாடி "எந்த மாதிரி யூத ஸ்கூல்"னு கேக்கணும், அதுக்கும் முன்னாடி "நம்ம வீடு எந்த மாதிரி வீடு"ன்னு ரெண்டு பேரும் உக்காந்து பேசியிருக்கணும். நாங்க பேசல.

பேசாததுக்கு ஒரு காரணம் இருக்கு, அதுதான் ரெண்டாவது தப்பு. நிறைய பேர் தாங்க இருக்கற மாதிரி ஸ்கூல் தேடறது இல்ல, தாங்க இருந்திருக்கணும்னு குற்ற உணர்ச்சியோட நினைக்கற மாதிரி தேடறாங்க. ஷபாத்னு வெள்ளி சூரியன் இறங்கறதுலேர்ந்து சனி ராத்திரி வரைக்கும் ஓய்வு நாள், அப்ப வேலை, கடை, லைட் ஸ்விட்ச் எதையும் தொடக்கூடாது. நாம வெள்ளிக்கிழமை மெழுகுவர்த்தி ஏத்தறது இல்ல, சனிக்கிழமை ஷாப்பிங் போறோம், சரி பிள்ளையாவது கத்துக்கட்டும், ஸ்கூல் பார்த்துக்கும்னு. ஸ்கூல் பார்த்துக்காதுங்க. ஸ்கூல் சொல்லிக் குடுக்கும், பிள்ளை வீட்டுக்கு வந்து நம்மளைப் பார்க்கும். எங்க பொண்ணு ரிசப்ஷன்ல, அதாவது ஸ்கூலோட முதல் வருஷ வகுப்புல, ஒரு வாரம் "ஷபாத் ஈமா"வா இருந்தா, அதாவது வெள்ளிக்கிழமை வகுப்புல அம்மா வேஷம், தலையில ஸ்கார்ஃப் கட்டிட்டு மெழுகுவர்த்தி முன்னாடி கையை மூணு தடவை சுத்தி கண்ணை மூடிக்கணும், அப்பா வேஷம் போட்ட பையன் திராட்சை ஜூஸுக்கு ஆசீர்வாதம் சொல்லுவான், அப்புறம் எல்லாருக்கும் ஹல்லா ரொட்டி. வீட்டுக்கு வந்து சாயந்தரம் ஆறு மணிக்கு நான் லைட் ஸ்விட்ச் போடறப்ப, "அம்மா, ஷபாத் வந்தாச்சு, நீ ஏன் ஸ்விட்ச் தொடற"ன்னு கேட்டா. அஞ்சு வயசுக் குழந்தைக்கு என்ன பதில் சொல்றது? அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இந்தப் பதிலை யோசிச்சு வச்சுட்டு ஸ்கூல் விசிட் போகணும். "நம்ம வீட்டுல வேற மாதிரி"ன்னு சொன்னா அதை சகஜமா எடுத்துக்கற ஸ்கூலும் இருக்கு, பிள்ளை மனசுல அது ஒரு குறையாவே தங்கிடற ஸ்கூலும் இருக்கு.

சாப்பாட்டு விஷயத்துல நான் அசடு வழிஞ்ச கதை தனி. அவளோட பிறந்தநாளுக்கு ரவா லட்டு பிடிச்சு டப்பா நிறைய அனுப்பினேன், நெய்யும் ரவையும் சக்கரையும்தானே, இதுல என்ன மாமிசம் இருக்குன்னு. மூடி கூட திறக்காம சாயந்தரம் அப்படியே திரும்பி வந்துச்சு. முந்திரி போட்டது ஒரு தப்பு, அது எந்த ஸ்கூலா இருந்தாலும் அலர்ஜின்னு வேண்டாம்பாங்க. பெரிய தப்பு வேற. பண்டத்துல என்ன இருக்குங்கறது மட்டும் கணக்கு இல்ல, எந்த அடுப்புல எந்தப் பாத்திரத்துல செஞ்சதுங்கறதும் கணக்கு. கறி சமைச்ச வாணலில பால் சேர்ந்தது பண்ணக்கூடாது, ரெண்டுக்கும் பாத்திரம், கரண்டி, பாத்திரம் தேய்க்கற ஸ்பாஞ்சு வரைக்கும் தனி. வீட்டுல பத்து, மடின்னு பார்த்த பாட்டிகிட்ட வளர்ந்தவங்களுக்கு இது சட்டுன்னு புரியும், எனக்கும் புரிஞ்சது, என்ன, டப்பா திரும்பி வந்தப்புறம் புரிஞ்சது. கோஷர், அதாவது மதச் சட்டப்படி செஞ்சதுன்னு முத்திரை போட்ட கடைப் பாக்கெட்தான் வகுப்புல பகிர முடியும். மதிய டப்பாவுக்கு ஒவ்வொரு ஸ்கூல்லயும் ஒரு ரூல், வீட்டுலேர்ந்து மாமிசம் கூடவே கூடாதுங்கறது பொதுவா இருக்கும். இட்லி பாலும் இல்ல மாமிசமும் இல்ல, ரெண்டுக்கும் பொது, அதுக்கு "பார்வே"ன்னு பேரு. தயிர் சாதம் பால் கணக்கு. பெசாஹ்ங்கற பஸ்கா பண்டிகை வாரத்துல, ஐரோப்பிய வழி வந்த அஷ்கெனாசி யூதர் வழக்கப்படி அரிசி பருப்பு கூட கிடையாது, ஸ்பெயின் வழி வந்த செபார்டி யூதர் வழக்கத்துல சாப்பிடலாம், அந்த ஒரு வாரம் என் சமையலறை ஸ்தம்பிச்சுப் போயிடும். இந்த ரூல் ஷீட்டை முதல்லயே கேட்டு வாங்கிப் படிங்க. ப்ராஸ்பெக்டஸ்ல இருக்கற அழகான வார்த்தைகளை விட அந்த ஒரு பக்கம் ஸ்கூலைப் பத்தி நிறைய சொல்லிடும்.

சாப்பாடு மட்டுமா, பார்ட்டியும் இருக்கு. சனிக்கிழமை பார்ட்டி வச்சா ஆசாரமான வீட்டுப் பசங்க யாரும் வர மாட்டாங்க, ஞாயிறு வச்சாலும் ஹால்ல கோஷர் சாப்பாடான்னு அம்மாக்கள் க்ரூப்ல கேள்வி வரும். சில ஸ்கூல் இதை எழுத்துலயே ரூலா வச்சிருக்கும்.

இப்ப கலப்புக் குடும்பங்களுக்கு முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். யூத மதச் சட்டப்படி, அதாவது ஆர்த்தடாக்ஸ் பார்வையில, அம்மா யூதரா இருந்தாதான் பிள்ளை யூதர். அப்பா மட்டும்னா கணக்குல வராது. லிபரல் பக்கம் அப்பா வழியையும் ரொம்ப காலமா ஏத்துக்கறாங்க. ஒரு காலத்துல ஜே.எஃப்.எஸ். அட்மிஷன்லயே இதைப் பார்த்தாங்க. அம்மா ஆர்த்தடாக்ஸ் முறையில மதம் மாறலன்னு ஒரு பையனுக்கு சீட்டு இல்லன்னுட்டாங்க, அது கோர்ட்டுக்குப் போய், 2009 டிசம்பர்ல பிரிட்டன் சுப்ரீம் கோர்ட்டுல ஒன்பது நீதிபதிகள் உக்காந்து, பிறப்பைப் பார்த்து சீட்டு குடுக்கறது இனப் பாகுபாடுன்னு பெரும்பான்மையா தீர்ப்பு சொன்னாங்க. அதுக்கப்புறம் அரசுப் பணத்துல நடக்கற ஸ்டேட் ஸ்கூல் எதுவும் அம்மா யாருன்னு கேக்க முடியாது, எத்தனை சனிக்கிழமை ஷூலுக்குப் போனீங்க, அந்த மாதிரி நடைமுறையைத்தான் பார்க்கலாம். ஷூல்னா இங்க சினகாக்கை சொல்ற பேச்சு வார்த்தை.

இதைக் கேட்டதும் நாங்க "அப்பாடா, அப்ப பிரச்சனை இல்ல"ன்னு நினைச்சோம். தப்பு. சீட்டு கிடைக்கறது வேற, உள்ள போனப்புறம் பிள்ளையை என்னவா நினைக்கறாங்கங்கறது வேற. வகுப்புல பாடமே "யூதர்னா யாரு? அம்மா யூதரா இருக்கறவங்க"ன்னு நடந்தா, அங்க உக்காந்திருக்கற பிள்ளைக்கு என்ன ஆகும்? பன்னண்டு வயசுல கூடப் படிக்கற பொண்ணுங்க எல்லாம் மதப் பொறுப்பை ஏத்துக்கற பாத் மிட்ஸ்வா சடங்குக்குத் தயாராகறப்ப இவளுக்கு ஆர்த்தடாக்ஸ் ஷூல்ல அது இல்லன்னா? கேள்வியை நேரா கேளுங்க, ஹெட்டீச்சர்கிட்டயே: "எங்க பிள்ளைக்கு அப்பா மட்டும் யூதர். இந்தப் பாடம் வர்றப்ப டீச்சர் என்ன சொல்லுவாங்க?" நாங்க கேட்ட ஒரு இடத்துல அந்தம்மா கொஞ்ச நேரம் யோசிச்சு, எங்க ஸ்கூலோட நிலைப்பாடு ஆர்த்தடாக்ஸ், அதை மறைக்க மாட்டோம், ஆனா எந்தக் குழந்தையையும் பேர் சொல்லி சுட்ட மாட்டோம்னாங்க. பிடிக்குதோ பிடிக்கலயோ, நேர்மையான பதில். இன்னொரு இடத்துல "ஓ, எல்லாரையும் வரவேற்போம்"னு சிரிச்சுட்டு அடுத்த ரூமைக் காட்டக் கிளம்பிட்டாங்க. எனக்கு முதல் ஸ்கூல் மேலதான் மரியாதை வந்துச்சு.

இஸ்ரேல் பத்தியும் இதே மாதிரி வாயைத் திறந்து கேட்டுடணும். சுதந்திர தினம் பெருசா கொண்டாடற ஸ்கூல், ஹீப்ரூவை பேச்சு மொழியாவே சொல்லிக் குடுக்கற ஸ்கூல், பிரார்த்தனையோட நிறுத்திக்கற ஸ்கூல்னு எல்லாம் உண்டு, கணவன் மனைவிக்குள்ளயே இதுல ஒத்துப்போகாத வீடுங்க எனக்குத் தெரியும்.

ஸ்கூலை ஆய்வு பண்ற அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டோட ரிப்போர்ட் மட்டும் படிச்சு முடிவு பண்றவங்களுக்கு ஒண்ணு. மத அடிப்படையில நடக்கற ஸ்டேட் ஸ்கூல்ல மதப் பாடத்தை ஆஃப்ஸ்டெட் பார்க்கறது இல்ல, அதுக்கு யூத ஸ்கூலுங்களுக்குன்னு பிகுவாக்னு தனி இன்ஸ்பெக்ஷன் இருக்கு, அந்த ரிப்போர்ட்டையும் தேடி எடுங்க.

அப்புறம் காலண்டர். வேலைக்குப் போற அம்மா அப்பா யாருமே முதல்ல இதைப் பார்க்கறது இல்ல. யூதப் புத்தாண்டு ரோஷ் ஹஷானா ரெண்டு நாள், உபவாச நாள் யோம் கிப்பூர் ஒரு நாள், கூடாரப் பண்டிகை சுக்கோத் தொடக்கத்துல ரெண்டு, முடிவுல ரெண்டு, செப்டம்பர் அக்டோபர்ல சனி ஞாயிறுல விழாத வருஷம் ஸ்கூல் திறந்த மாதிரியே இருக்காது. குளிர்காலத்துல இன்னும் வேடிக்கை, டிசம்பர்ல லண்டன்ல நாலு மணிக்கு முன்னாடியே சூரியன் இறங்கிடும், ஷபாத் அதுக்கும் முன்னாடி வந்துடும், அதனால வெள்ளிக்கிழமை மதியமே ஸ்கூல் விட்டுடுவாங்க. அந்த மதியத்துக்கு யார் கூட்டிட்டு வருவாங்கன்னு இப்பவே பேசிடுங்க. காசும் இருக்கு. ஸ்டேட் ஸ்கூல்ல ஃபீஸ் கிடையாது, ஆனா யூதப் பாடத்துக்கும் செக்யூரிட்டிக்கும்னு விருப்பப் பங்களிப்பு கேப்பாங்க, வருஷத்துக்கு ஆயிரம் பவுண்டைத் தாண்டற இடமும் உண்டு. குடுக்கலன்னா சீட்டு போகாது, சட்டப்படி அது விருப்பம்தான், நினைவூட்டல் மெயில் மட்டும் வந்துட்டே இருக்கும். வாசல்ல காவலுக்கு நிக்கற முறைப் பட்டியல்ல பெற்றோர் பேரும் போடற ஸ்கூல் இருக்கு, காலையில எட்டு மணிக்கு ஹை-விஸ் ஜாக்கெட் போட்டு நிக்க முடியுமான்னு பார்த்துக்கோங்க.

ஃபார்ம் விஷயத்துல வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் மாட்டிக்கறாங்க. கவுன்சிலுக்குப் போடற அப்ளிகேஷன் ஒண்ணு, செகண்டரிக்கு அக்டோபர் 31, ப்ரைமரிக்கு ஜனவரி 15 கடைசி நாள். அது போக ஸ்கூலுக்கே நேரா அனுப்ப வேண்டிய கூடுதல் ஃபார்ம் ஒண்ணு இருக்கு, அதை விட்டுட்டா ஷூலுக்கு நூறு தடவை போயிருந்தாலும் மதிப்பு இல்ல, வரிசையில கடைசிக்குப் போயிடுவீங்க. ஷூல் போன கணக்குல மத குருவான ராபி தரப்புலேர்ந்து கையெழுத்து வேணும், அதை அக்டோபர் கடைசி வாரத்துல போய் கேட்டா நடக்காது, கோடைக்கு முன்னாடியே அந்த ஸ்கூல் எத்தனை தடவை கேக்குதுன்னு படிச்சுக்கோங்க. லண்டன்ல ஆறு ஸ்கூல் வரைக்கும் எழுதலாம், ஒண்ணே ஒண்ணை எழுதிட்டு உக்காந்தா அவங்க முன்னுரிமை தருவாங்கன்னு ஒரு நம்பிக்கை சுத்திட்டு இருக்கு, அது பொய், நீங்க எத்தனாவதா போட்டீங்கன்னே ஸ்கூலுக்குத் தெரியாது. இடம் மிச்சம் இருந்தா மதம் பார்க்காம யாருக்கும் குடுத்தாகணும், பர்மிங்ஹாம்ல கிங் டேவிட்னு ஒரு யூத ப்ரைமரில பசங்க பெரும்பாலும் முஸ்லிம்கள், எல்லாரும் கோஷர் சாப்பிட்டு ஹீப்ரூ பாட்டு பாடறாங்க.

வெயிட்டிங் லிஸ்ட் குறைஞ்சது டிசம்பர் 31 வரைக்கும் உயிரோட இருக்கும், நடுவுல எப்ப வேணா போன் வரலாம். எங்க சின்னவனுக்கு செப்டம்பர் மூணாவது வாரம் வந்துச்சு, நாங்க ஆசைப்பட்ட ஸ்கூல்லேர்ந்தே. அதுக்குள்ள அவன் தெருமுனை கவுன்சில் ஸ்கூல்ல சேர்ந்து, பக்கத்து சீட்டு பையனோட ஷூ மாத்திப் போட்டுட்டு வர்ற அளவுக்கு ஒட்டிட்டான். அவர் போனை கையில வச்சுட்டு ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். வேண்டாம்னு சொல்லிட்டோம். அவனுக்கு ஹீப்ரூ ஞாயித்துக்கிழமை காலையில, ரிஃபார்ம் ஷூல்ல, ரெண்டரை மணி நேரம். லட்டு அங்க வாங்கிக்கறாங்க, முந்திரி இல்லாம.