கொடுப்பதிலும் வாங்குவதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்: செனெக்காவின் பாடம்

நமக்குக் கொடுக்கவும் தெரியவில்லை, வாங்கவும் தெரியவில்லை. இந்தக் குற்றச்சாட்டோடுதான் செனெக்கா தன் 'தே பெனெஃபிகீஸ்' நூலைத் தொடங்குகிறார். 'உபகாரங்கள் பற்றி' என்பது தலைப்பின் பொருள். கி.பி. 65இல் பேரரசர் நீரோவின் கட்டளையால் உயிரை மாய்த்துக்கொண்ட அந்த ரோமானிய ஸ்டோயிக் தத்துவவாதி, தன் கடைசிப் பத்தாண்டுகளில் எழுதிய நூல் இது. மொத்தம் 7 பாகங்கள். லியோன் நகரத்து நண்பர் லிபெராலிஸிடம் பேசுவது போல எழுதப்பட்டது.

இதைத் தமிழில் படிக்கும்போது 'நன்றிக்கடன்' என்ற சொல்லே நம்மைத் தடம் புரட்டிவிடும். வட்டிக்கடையில் வாங்கும் கடன் என்று எடுத்துக்கொண்டால் நூல் முழுவதும் தலைகீழாகிவிடும். கடன் என்றால் கடமை என்றும் ஒரு பொருள் உண்டல்லவா, அதை மனத்தில் வைத்துப் படிக்க வேண்டும். திரும்ப வரும் என்று கணக்கில் எழுதிக்கொண்டு செய்யும் உதவியைச் செனெக்கா வெட்கக்கேடான வட்டித்தொழில் என்கிறார். கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் முளைக்கின்றன.

கைமாறிய பொருளையே உபகாரம் என்று எண்ணுவது அவற்றில் முதன்மையானது. கடற்கொள்ளையரிடமிருந்து நண்பனைப் பணம் கட்டி மீட்கிறீர்கள். பிறகு வேறொரு பகைவன் அவனைப் பிடித்துச் சிறையில் போட்டுவிடுகிறான். மீட்டதன் பயன் போயிற்று, உபகாரம் போகவில்லை. பொன்னும் பதவியும் அதன் அடையாளங்கள். உபகாரம் என்பது கொடுத்தவரின் மனம்.

அதனால்தான் கொடுக்கும் விதத்துக்கு அவ்வளவு இடம் ஒதுக்குகிறார். தாமதமாகக் கொடுத்தவர், அத்தனை நாளும் கொடுக்க மனமில்லாமல் இருந்தார் என்றுதான் பொருள். கெஞ்சிப் பெற்றதைவிட அதிக விலை கொடுத்து வாங்கிய பொருள் வேறில்லை. முகம் கடுத்துக் கொடுத்த உதவியை ரோமானியத் தளபதி ஃபாபியுஸ் வெர்ருகோஸுஸ் 'கல் கலந்த ரொட்டி' என்றாராம். பசிக்கு வாங்கித்தான் ஆக வேண்டும், பல்லில் கடிபடும். மாரியுஸ் நேபோஸ் என்பவர் கடன் சுமையில் பேரரசர் திபேரியுஸிடம் உதவி கேட்டார். கடன் கொடுத்தவர்களின் பட்டியலைக் கொண்டுவரச் சொன்னார் அரசர். கடனை அடைக்க உத்தரவும் போட்டார், கூடவே அவமானப்படுத்தும் ஓர் அறிவுரையும் எழுதி அனுப்பினார். கடன் தீர்ந்தது. ஆனால் அதை உபகாரம் என்று ஏற்கச் செனெக்கா தயாராக இல்லை.

எதைக் கொடுப்பது? முதலில் தேவையானது, அடுத்து பயன்படுவது, பிறகு மகிழ்ச்சி தருவது. எதுவானாலும் நீடித்து நிற்பதாக இருந்தால் நல்லது. கோடையில் குளிர்காலத்து உடுப்பைக் கொடுக்காதீர்கள். குடிகாரருக்கு மதுவும் நோயாளிக்கு மருந்தும் அன்பளிப்பாக அனுப்புவதையும் அவர் தடுக்கிறார்: வாங்குபவரின் குறையைச் சுட்டும் பரிசு வசவுக்குச் சமம்.

எல்லோர் முன்னிலையிலும் கொடுப்பதா, மறைவாகவா என்பதற்கும் தெளிவான விதி உண்டு. விருது, பதவி போலப் பெருமை தருவதைப் பலர் அறியக் கொடுக்கலாம். வறுமையையோ நோயையோ போக்கும் உதவி மறைவாகவே போக வேண்டும். ஆர்கெசிலாவுஸ் என்ற தத்துவவாதிக்கு ஓர் ஏழை நண்பர் இருந்தார். நோயில் படுத்தும் தன் வறுமையை வெளியே காட்டாதவர். பணப்பையை அவருக்கே தெரியாமல் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வந்தார் ஆர்கெசிலாவுஸ். யாரோ கொடுத்தது என்று இல்லாமல், தானே கண்டெடுத்தது போல அவருக்குக் கிடைக்கட்டும் என்று.

இதற்கு நேர் எதிர், சொல்லிக்காட்டுவது. சீசரும் (பின்னாளில் பேரரசர் அகுஸ்துஸ்) அவருடைய கூட்டாளிகளும் கொல்லச் சொல்லி அறிவித்த மரணப் பட்டியலில் இருந்த ஒருவரைச் சீசரின் நண்பர் காப்பாற்றினார். அதன்பின் வாய் ஓயவில்லை. கடைசியில் பிழைத்தவரே கத்தினார்: "என்னைச் சீசரிடமே திருப்பிக் கொடுத்துவிடு!"

இங்கே பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் வரி ஒன்று உண்டு: கொடுத்தவர் உடனே மறந்துவிட வேண்டும், வாங்கியவர் ஒருநாளும் மறக்கக் கூடாது. முதல் பாதியை அப்படியே எடுத்துக்கொண்டு, நினைவு வந்தாலே குற்றம் என்று வருந்துபவர்கள் உண்டு. அது வேண்டுமென்றே மிகைப்படுத்திச் சொன்னது என்று 7ஆம் பாகத்தில் அவரே விளக்குகிறார். தம்பட்டம் அடிக்காதே என்பதுதான் கருத்து. தேவை வந்தால் பழகிய முறையில், மென்மையாக நினைவூட்டுவதையும் அவர் அனுமதிக்கிறார்.

வாங்குவதில் வரும் பெரிய தவறு, யார் கொடுத்தாலும் கை நீட்டுவது. யூலியுஸ் கிரைகினுஸ் பொது விளையாட்டுகளை நடத்தப் பணம் திரட்டியபோது, இழிபெயர் பெற்ற ஃபாபியுஸ் பெர்ஸிகுஸ் பெருந்தொகை அனுப்பினார். கிரைகினுஸ் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். கூட உட்கார்ந்து குடிக்கக் கூசும் ஆளிடம் உபகாரம் எப்படி வாங்குவது என்பது அவர் கேள்வி. மறுக்கவே வழியில்லாத கொடுங்கோலன் கொடுத்தால்? அதற்குப் பெயர் கீழ்ப்படிதல், உபகாரம் பெற்றதாகாது. நீரோவிடம் ஏராளமான செல்வம் பெற்றவர் எழுதிய வரி இது என்பதை மறக்காமல் படிக்க வேண்டும்.

வாங்குவது என்று முடிவெடுத்த பின் ஒளிவுமறைவு கூடாது. காதோடு காதாக நன்றி சொல்லி, ஊருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்பவர் நன்றி மறக்கத் தயாராகிறார். மலர்ந்த முகத்தோடு வாங்கியவர் முதல் தவணையை அங்கேயே செலுத்திவிட்டார்.

'மனம் போதும் என்றால் திருப்பிச் செய்யவே வேண்டாமா?' என்று கேட்டு நின்றுவிடுவது அடுத்த தவறு. செனெக்கா இரண்டாகப் பிரிக்கிறார். மனத்துக்கு மனத்தால் ஈடு செய்தாயிற்று. பொருளுக்குப் பொருள் இன்னும் பாக்கி இருக்கிறது. எதிர்ப்பக்கத் தவறு இதைவிட நுட்பமானது. எப்படியாவது சீக்கிரம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று துடிப்பவரிடம் இருப்பது கடனாளியின் மனம், நன்றியுள்ளவரின் மனம் அல்ல. கைம்மாறு செய்ய வாய்ப்பு வேண்டுமே என்று உதவியவருக்குத் துன்பம் வரட்டும் என வேண்டுவது இதன் உச்சம். அது சாபம்தான்.

உதவியவர் பிற்பாடு கெட்டவராக மாறிவிட்டால்? திருப்பிச் செய்யத்தான் வேண்டும், அவருடைய கொடுமைக்குக் கை கொடுக்காமல். கொடுங்கோலன் கேட்டால் பளிங்கும் ஆடையும் தரலாம். படைவீரரும் ஆயுதமும் கூடாது. இந்த இடத்தில்தான் செருப்புக் கதை வருகிறது. பித்தாகொரஸ் வழியைச் சேர்ந்த ஒருவர் கடனுக்குச் செருப்பு வாங்கினார். சில நாள் கழித்துப் பணத்தோடு வந்தால் கடை பூட்டியிருந்தது, செருப்பு தைத்தவர் இறந்து எரித்தாயிற்று என்றார்கள். மிச்சமான காசைக் கையில் குலுக்கிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். வழியில் அந்தச் சத்தம் தனக்கு இனிப்பதைக் கவனித்துவிட்டார். "உனக்கு அவன் உயிரோடுதான் இருக்கிறான், கொடுக்க வேண்டியதைக் கொடு" என்று தன்னிடமே சொல்லித் திரும்பி வந்து, பூட்டிய கதவின் இடுக்கு வழியாக 4 தெனாரியுஸ் நாணயங்களையும் கடைக்குள் தள்ளினார்.