ஒரு கிலோவுக்கு என்றால், எதன் ஒரு கிலோ?

காலபோக அறுவடை முடிந்து பரந்தன்–முல்லைத்தீவு வீதியோரம் நெல் காய்கிற நாட்களில் யாரிடமாவது இந்தக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள். 22 சதவீத ஈரப்பதனில் 100 கிலோ நெல் இருக்கிறது. 14 சதவீதத்துக்குக் காயவிட்டால் எவ்வளவு மிஞ்சும்? சட்டென்று வருகிற பதில் 92 கிலோ. சரியான விடை 90.7.

22இல் 14ஐக் கழித்ததுதான் பிழை. முதலில் சொன்ன 22 சதவீதம் 100 கிலோவில் கணக்கிட்டது. பிறகு வரும் 14, காய்ந்து குறைந்த நிறையில் கணக்கிட்டது. இரண்டு வேறு அடித்தளங்கள். ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க முடியாது. காயும்போது மாறாமல் இருப்பது தண்ணீர் நீங்கலான 78 கிலோ மட்டுமே. அந்த 78, புதிய நிறையில் 86 சதவீதமாக இருக்க வேண்டும். ஆகவே 78ஐ 0.86ஆல் வகுக்க வேண்டும். போன தண்ணீர் 9.3 கிலோ, எட்டு அல்ல. பத்துத் தொன் நெல்லில் இந்த வித்தியாசம் 130 கிலோ, ஏறக்குறைய இரண்டு மூடை. ஆலைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகும் முன் இதைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

உலர்த்தி வடிவமைக்கிற பொறியியலாளர் இதே நெல்லின் ஈரப்பதனை 28.2 சதவீதம் என்று எழுதக்கூடும். அவரும் பிழை விடவில்லை. 22 கிலோ தண்ணீரை 100ஆல் வகுக்காமல், உலர்ந்த பகுதியான 78ஆல் வகுத்திருக்கிறார். காற்றின் ஈரத்தையும் அவர்கள் உலர்காற்றின் ஒரு கிலோவுக்கு இத்தனை கிராம் நீராவி என்றே எழுதுவார்கள். வகுக்கும் எண் பாதி வழியில் மாறக்கூடாது, அவ்வளவுதான் காரணம். ஆனால் ஒருவர் எழுதிய 28ஐ மற்றவர் தன் 22ஓடு ஒப்பிட்டால் எல்லாம் குழம்பும்.

சராசரி எடுப்பதிலும் இதே தடுக்கல். 20 சதவீத ஈரப்பதனில் 100 கிலோ, 14 சதவீதத்தில் 300 கிலோ. இரண்டையும் ஒன்றாகக் கொட்டினால் 17 என்று எழுதிவிடாதீர்கள். 20 கிலோ தண்ணீரும் 42 கிலோ தண்ணீரும் சேர்ந்து 62. அதை 400ஆல் வகுத்தால் 15.5. திணிவுக்கு வகுத்து வந்த எந்தக் கணியத்தையும் கூட்டுமுன் அந்தந்தத் திணிவால் பெருக்கியாக வேண்டும். ஒரு கிலோவை ஒரு பாகை சூடாக்க அலுமினியத்துக்கு 900 யூலும் தண்ணீருக்கு 4200 யூலும் வேண்டும். ஒரு கிலோ அலுமினியப் பானையில் 2 கிலோ தண்ணீர் இருந்தால், 900ஐயும் 4200ஐயும் கூட்டி 5100 என்பது அர்த்தமில்லாத எண். 1 × 900, 2 × 4200, மொத்தம் கெல்வினுக்கு 9300 யூல். 30 பாகையிலிருந்து 100க்குக் கொண்டுபோக 651 கிலோயூல் வேண்டும். இந்த இடத்தில் வெப்பநிலை வித்தியாசத்துடன் 273ஐக் கூட்டுகிற பிள்ளைகளும் உண்டு; வித்தியாசம் செல்சியசிலும் கெல்வினிலும் 70தான்.

விறகுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வருவோம். நன்றாக உலர்ந்த விறகு கிலோவுக்கு ஏறத்தாழ 18 மெகாயூல் தரும். 30 சதவீதம் ஈரமாக இருந்தால் எரிவதற்கு இருப்பது 700 கிராம்தான். உள்ளிருக்கும் தண்ணீரை ஆவியாக்கவும் வெப்பம் செலவாகும். கடைசியில் கிடைப்பது ஏறத்தாழ 12. மண்ணெண்ணெய் கிலோவுக்கு 43 மெகாயூல் அளவில் என்று புத்தகம் சொல்லும், நாம் வாங்குவதோ லீற்றரில். ஒரு லீற்றர் ஏறத்தாழ 0.8 கிலோ என்பதால் லீற்றருக்கு 34 சொச்சம்தான். தண்ணீருக்குக் கிலோவும் லீற்றரும் ஒன்றாக இருப்பது நம் கண்ணை எல்லாவற்றுக்கும் அப்படியே பழக்கிவிட்டது.

பசளையில் வேறு மாதிரி. 50 கிலோ யூரியாவில் 46 சதவீதம், அதாவது 23 கிலோ நைதரசன் இருக்கிறது. ரி.எஸ்.பி. என்கிற பொசுபரசுப் பசளைப் பையிலும் 46 என்றே போட்டிருக்கும். அது பொசுபரசு அல்ல, பொசுபரசு ஐந்தொட்சைட்டாகக் கணக்கிட்டது. 50 கிலோப் பையில் தனிப் பொசுபரசு 10 கிலோ அளவில்தான். ஆய்வுகூட மண் அறிக்கை ஒன்றில் தனிமமாகவும் பையில் ஒட்சைட்டாகவும் இருந்தால், இரண்டையும் நேரே ஒப்பிட்டவர் தேவையானதில் பாதிக்கும் குறைவாகவே போடுவார்.

உயர்தரம் முடித்து கிளிநொச்சி அறிவியல் நகருக்குப் பொறியியல் படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பள்ளிக்கூடத்தில் படித்த வாயு மாறிலி 8.314 ஒரு மூலுக்கு. அங்கே காற்றுக்கு 287 என்று வரும். அது ஒரு கிலோவுக்கு. காற்றின் ஒரு மூல் 0.029 கிலோ, வகுத்துப் பார்த்தால் சரிவரும்.

மருந்துக்கும் கிலோக் கணக்கு உண்டு. பிள்ளைகளுக்குப் பரசிற்றமோல் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். அதை 90 கிலோ ஆளுக்கு அப்படியே பெருக்கினால் 1350 வரும், ஆனால் பெரியவருக்கு ஒரு வேளை உச்சம் 1000 மில்லிகிராம்தான். பாம்புக்கடியில் இந்தப் பெருக்கலே கிடையாது. புடையன் செலுத்துகிற விஷம் கடிபட்டவரின் நிறையைப் பார்த்துக் கூடிக் குறைவதில்லை. விஷமுறிவு மருந்து நடுநிலையாக்க வேண்டியது அந்த விஷத்தைத்தான். அதனால் பிள்ளைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவுதான் ஏற்றுவார்கள். “இந்தச் சின்னப் பிள்ளைக்கு இவ்வளவா?” என்று வார்ட்டில் யாராவது தடுத்தால், தாதியை மறிக்க வேண்டாம் என்று சொல்லி அவரைக் கூட்டிக்கொண்டு வெளியே போங்கள்.