கல்குடாவில் கடலுக்குள் இறங்க வருகிறவர்களுக்கு: கப்பலும் கதையும் பியரும்

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும் நம்மவர்கள் மட்டக்களப்பில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். மாமாங்கேஸ்வரரைக் கும்பிடுவார்கள், நாலு சொந்தக்காரர் வீட்டில் சாப்பிடுவார்கள், ஒருநாள் பாசிக்குடாவில் இடுப்பளவு தண்ணீரில் குளிப்பார்கள். பிறகு வான் ஏறிக் கொழும்புக்கு. அவர்களுடைய பிள்ளைகளில் பலர் எகிப்திலும் தாய்லாந்திலும் ஸ்கூபா என்ற சுழியோட்டம் பழகித் தகுதி அட்டை வைத்திருக்கிறார்கள். தங்கள் அம்மம்மா பிறந்த ஊருக்கு முன்னால் கடலடியில் பெரிய கப்பல்கள் கிடப்பதை யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. துறைமுகத்தை விட்டுத் தெற்கே விலகியிருந்த பிரித்தானியாவின் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை அதே நாளில் மட்டக்களப்புக்கு நேரே கண்டு மூழ்கடித்தன. அதில் 307 பேர் இறந்தார்கள். துணைக்குப் போன அவுஸ்திரேலியாவின் வம்பயர், சிறிய போர்க்கப்பலான ஹொலிஹொக், எண்ணெய்க் கப்பல்களான அதெல்ஸ்ரேன், பிரிட்டிஷ் சார்ஜன்ட் எல்லாம் அன்றே மூழ்கின. வீற்றா என்ற மருத்துவக் கப்பல் தண்ணீரில் தத்தளித்த நூற்றுக்கணக்கானவர்களைத் தூக்கி எடுத்தது.

எல்லோரும் ஹேர்மிஸைத்தான் முதலில் கேட்பார்கள். அது ஏறத்தாழ 53 மீற்றர் ஆழத்தில் சரிந்து கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோட்டத்தின் எல்லை 40 மீற்றர். ஆகவே ஆழ்கடல் தொழில்நுட்பப் பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே அங்கே போகலாம். "பரவாயில்லை, மெதுவாகக் கூட்டிப் போகிறேன்" என்று யாராவது சொன்னால் அந்த ஆளோடு வேறெந்த இடத்துக்கும் கூடப் போகாதீர்கள். மற்றவர்களுக்கு ஏற்றது பிரிட்டிஷ் சார்ஜன்ட். பாசிக்குடாவுக்குப் பக்கத்திலுள்ள கல்குடாவுக்கு வடக்கே, சுமார் 25 மீற்றர் ஆழத்தில் இரண்டாக உடைந்து கிடக்கிறது. 30 மீற்றர் வரை போகும் அட்வான்ஸ்ட் தகுதி இருந்தால் போதும். 18 மீற்றர் அட்டை மட்டும் உள்ளவர்கள் காயங்கேணிப் பக்கத்துப் பவளப் பாறைகளைப் பார்க்கலாம், அதுவும் குறைந்த அழகில்லை. ஒன்றை மனதில் வையுங்கள்: ஹேர்மிஸ் மனிதர்கள் புதைந்த இடம். எந்தக் கப்பலிலிருந்தும் ஒரு ஆணியைக்கூட எடுக்கக் கூடாது.

காலம் முக்கியம். ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை நல்லது. ஐப்பசியில் வாடை தொடங்கினால் கடல் கலங்கிவிடும், தைப்பொங்கல் விடுமுறைக்கு வந்து சுழியோடக் கேட்காதீர்கள். நல்ல காலத்திலும் வெயில் ஏற ஏறக் கச்சான் காற்று எழும்பும். அதனால் படகுகள் விடியவே போய்விடும். "தம்பி, ஆறு மணிக்கு நீங்க இல்லாட்டி நாங்க வெளிக்கிட்டிருவம்" என்று படகுக்கார அண்ணன் சொன்னால் அது வெறும் மிரட்டல் இல்லை.

பகல் முழுவதும் இப்படி ஓடி முடிந்த பிறகுதான் எனக்கு மிகவும் பிடித்த நேரம் வரும். துடுப்புக்காலணியும் உடையும் கொடியில் காயும். நாலைந்து பேர் ஓலைக் கொட்டிலின் கீழ் உட்கார்ந்திருப்பார்கள். சூரிச்சிலிருந்து வந்த ஒரு தங்கச்சி, செங்கடலில் 30 மீற்றரில் கிடக்கும் திசில்கோர்ம் கப்பலைப் பற்றிச் சொன்னாள். உள்ளே மோட்டார் சைக்கிள்களும் லொறிகளும் அடுக்கியபடியே இருக்குமாம். ஆனால் ஒரே கயிற்றில் இருபது பேர் இறங்குவார்களாம், ஒருவர் துடுப்பு மற்றவர் முகத்தில் அடிக்குமாம். "இங்கே கப்பலும் நானும் மீனும்தான் இருந்தோம்" என்றாள். மாலைதீவு போய் வந்த ஒரு ஜெர்மன்காரர் சுறாக்களை எண்ணிக்கொண்டிருந்தார். அதுவரை பேசாமல் வலை பொத்திக்கொண்டிருந்த படகுக்கார அண்ணன் அப்போது வாய் திறந்தார். "குண்டு போட்ட அண்டைக்கு எங்கட அப்பாக்கு எட்டு வயசு. இடி எண்டு நினைச்சாராம், வானத்தில ஒரு மேகமும் இல்லையாம்" என்றார். எல்லோரும் அமைதியானார்கள். அந்த ஜெர்மன்காரருக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னது நான். நம் மொழி தெரிந்து அங்கே போவதன் பெறுமதி இதுதான். மற்றவர்கள் கப்பலைப் பார்த்துவிட்டுப் போவார்கள். நீங்கள் கேள்வி கேட்டால் கரையும் பேசும். படகுக்காரரை உங்கள் மேசைக்குக் கூப்பிடுங்கள். தேநீரோ சோடாவோ, அவர் விரும்பியதை வாங்கிக் கொடுங்கள், குடிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.

சரி, பியர். சுழியோடிகள் கூடினால் இந்த வாக்குவாதம் வராமல் இருக்காது. லயன் லாகர்தான் எங்கும் கிடைக்கும். நன்றாகக் குளிர்ந்திருந்தால் கச்சான் காற்றுக்கு அதைவிட வேறு வேண்டாம், சூடேறினால் சுவை போய்விடும். த்ரீ கொயின்ஸ் தான் உயர்ந்தது என்று வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். கார்ல்ஸ்பேர்க் குடிக்க இவ்வளவு தூரம் வர வேண்டுமா என்பது என் கேள்வி. என்னைக் கேட்டால் லயன் ஸ்ரவுட். கறுப்பாக, கோப்பியும் கறுத்தச் சொக்லேட்டும் கலந்த கசப்போடு இருக்கும். பொரித்த கணவாயோடும் மிளகு போட்ட இறாலோடும் அருமையாகப் போகும். ஆனால் அதில் மதுசாரம் 8.8 சதவீதம். லண்டன் பப்பில் பைன்ட் பைன்டாகக் குடித்த பழக்கத்தில் இதைக் குடித்தால் மறுநாள் கடல் இல்லை. ஒன்று போதும், அதையும் மெதுவாக. உண்மையில் ஊரின் சுவை வேண்டுமென்றால் கள்ளு. தெரிந்தவர் மூலம் தவறணையில் காலையில் இறக்கிய கள்ளைக் கேளுங்கள், பொழுது ஏற ஏறப் புளிக்கும். கள்ளச்சாராயமான கசிப்பை மட்டும் தொடவே வேண்டாம். என்ன கலந்திருக்கிறது என்பது காய்ச்சியவருக்கே தெரியாது, அதில் உயிர் போனவர்கள் இருக்கிறார்கள்.

ஒழுங்கு இதுதான்: கடல் முதலில், பியர் பிறகு. மதுசாரம் உடம்பில் தண்ணீரைக் குறைக்கும். தண்ணீர் குறைந்த உடம்பில், ஆழத்தில் கரைந்த நைட்ரஜன் சரியாக வெளியேறாமல் குமிழியாகி மூட்டிலும் நரம்பிலும் சிக்கும் ஆபத்துக் கூடும். ஒருமுறை இரவு கூடுதலாகக் குடித்துவிட்டு விடியக் கடலுக்குப் போனேன். படகிலேயே தலை சுற்றி வாந்தி வந்தது. அன்று நான் இறங்கவில்லை, எனக்குத் துணையாக இறங்கவிருந்தவரும் கரை திரும்ப வேண்டியதாயிற்று. அவருடைய விடுமுறையின் கடைசி நாள் அது. இன்றும் அதை நினைத்தால் வருத்தம்தான். கரை ஏறியவுடனும் போத்தலைத் திறக்காதீர்கள். இளநீர் இரண்டு குடியுங்கள், சாப்பிடுங்கள், தூங்குங்கள். குமிழி நோயின் அறிகுறியான களைப்பையும் மரத்துப்போதலையும் வெறி மறைத்துவிடும்.

ஊர் வழக்கமும் தெரிந்திருக்க வேண்டும். முழுநிலா நாளான போயா தினத்தில் நாடு முழுவதும் மது விற்பனை இல்லை. 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக் கூடாது. பெண்களுக்கு விற்பதற்கான தடையை 2018 ஜனவரியில் நீக்கி, சில நாட்களிலேயே திரும்பக் கொண்டுவந்தார்கள். உல்லாச விடுதிகளில் பெரும்பாலும் பிரச்சினை இருக்காது, தெருவோர மதுக்கடையில் சங்கடம் வரலாம். காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி முஸ்லிம் ஊர்கள். போத்தல் பையோடு அங்கே இறங்கித் திரிய வேண்டாம். தெற்கே அம்பாறை மாவட்டத்து அறுகம் குடாவில் அலைச்சறுக்க வருபவர்களின் கொண்டாட்டத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்துப் பொத்துவிலிலும் அப்படித்தான் என்று நினைக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் குடி பல வீடுகளைத் தின்றிருக்கிறது. கல்குடாவில் எரிசாராயத் தொழிற்சாலை கட்டுவதை எதிர்த்து 2017இல் மக்கள் போராடினார்கள். கடற்கரையில் வெளிப்படையாகக் குடிப்பதும் போத்தலை மணலில் புதைப்பதும் அவர்கள் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று யோசியுங்கள். விடுதிக்குள் குடியுங்கள், போத்தலைத் திருப்பிக் கொடுங்கள்.

புறப்படும் முன் இரண்டு வேலை. உங்கள் பயணக் காப்புறுதியில் சுழியோட்டம் அடங்குமா, எத்தனை மீற்றர் வரை என்று வாசியுங்கள். குமிழி நோய்க்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை எங்கே இருக்கிறது என்று சுழியோட்ட நிலையத்தில் கேளுங்கள். தடுமாறுகிறவரிடம் பணம் கட்டாதீர்கள்.

கடைசி நாளைத்தான் பலர் பிழையாகப் போடுகிறார்கள். பல நாட்கள் தொடர்ந்து சுழியோடியவர் விமானம் ஏறக் குறைந்தது 18 மணித்தியாலம் காத்திருக்க வேண்டும், நான் முழுநாள் விடுவேன். உயரம் போனால் குமிழி ஆபத்துக் கூடும், ஆகவே மலையும் விமானம் போலத்தான். காலையில் பிரிட்டிஷ் சார்ஜன்ட், மாலையில் நுவரெலியா என்று வானை ஒழுங்குபண்ணாதீர்கள். அது 1,868 மீற்றர் உயரம். லயன் பியர் பிறந்த ஊர்தான், ஆனால் அடுத்த நாள் போகலாம். எல்ல என்ற மலையூரும் அப்படியே. கொழும்புக்கு இரவு ரயில் ஏறினால் மலை இல்லாத பாதை.

முடிந்தால் அந்த ஓய்வு நாள் போயாவில் விழும்படி திகதி பாருங்கள். பியர் கிடைக்காத இரவு. மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தின் கீழ் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையை வாவிக்குள் விட்டு மறு முனையில் காதை வையுங்கள். மீன் பாடுவது முழுநிலா இரவில்தான் நன்றாகக் கேட்கும் என்பார்கள். தோணிக்காரரிடம் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.