பென் டிரைவிலிருந்து லினக்ஸை இயக்குவது எப்படி?

கணினியின் வன்தட்டைத் தொடாமலேயே உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் பென் டிரைவிலிருந்து இயக்கலாம். 8 ஜிபி இருந்தாலே தொடங்கிவிட முடியும் என்றாலும், கோப்புகளையும் அமைப்புகளையும் அதிலேயே சேமிக்க விரும்புவோர் 32 ஜிபி கொண்ட யுஎஸ்பி 3.0 டிரைவை வாங்குவது நல்லது, பழைய 2.0 டிரைவில் உலாவி திறப்பதற்குள் பொறுமை போய்விடும்.

உபுண்டுவின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பைப் (இயங்குதளம் முழுவதும் அடங்கிய ஒரே கோப்பு) பதிவிறக்கி, அதை டிரைவில் எழுத உதவும் ரூஃபஸ் மென்பொருளை விண்டோஸில் திறந்து, டிரைவையும் கோப்பையும் தேர்ந்தெடுங்கள். டிரைவில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும் என்பதால், அதன் பெயரையும் கொள்ளளவையும் இருமுறை சரிபார்க்க வேண்டும். பலரும் கவனிக்காமல் விடுவது நிலைத்த சேமிப்புக்கான நகர்த்துபட்டையைத்தான். அது பூஜ்யத்திலேயே இருந்தால், நிறுவிய மென்பொருள், மாற்றிய விசைப்பலகை, சேமித்த வைஃபை கடவுச்சொல் என எல்லாமே கணினியை அணைத்ததும் மறைந்துவிடும்.

ரூஃபஸ் டிரைவில் எழுதி முடித்த பின்னர் கணினியை மறுதொடக்கம் செய்து, நிறுவனச் சின்னம் தோன்றும்போதே எஃப்12, எஃப்9, எஸ்கேப் ஆகியவற்றுள் உங்கள் கணினிக்குரிய விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் எதிலிருந்து தொடங்க வேண்டும் எனக் கேட்கும் பூட் மெனு வரும். அதில் பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். நம்பகமான மென்பொருளை மட்டுமே தொடங்கவிடும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதியுடனேயே உபுண்டு இயங்கும். அதை வீணாக அணைத்தால், பிட்லாக்கர் என்ற வன்தட்டு மறையாக்க வசதி உள்ள கணினிகளில் விண்டோஸ் மீட்புக் குறியீட்டைக் கேட்கக்கூடும்.

திரையில் 'நிறுவு' என்பதைத் தவிர்த்து, 'முயன்று பார்' என்பதையே தேர்வு செய்யுங்கள். வேலை முடிந்ததும் முறையாக அணைத்த பிறகே டிரைவைக் கழற்ற வேண்டும்.